லைஃப் ஜாக்கெட்டை எடுத்து நீட்டுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

படகுத் துறையில் லைஃப் ஜாக்கெட் எடுத்துக் கொடுக்கும் தம்பிகளுக்கும், அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் படகு உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

போன விடுமுறையில் படகுச் சவாரிக்காக வரிசையில் நின்றிருந்தோம். எங்கள் முறை வந்ததும் உங்களைப் போல ஒரு தம்பி, குவியலின் மேலே கிடந்த ஜாக்கெட்டை எடுத்து என் மகளுக்கு மாட்டிவிட்டார். அவளுக்கு ஏழு வயது. ஜாக்கெட் முழங்கால் வரை தொங்கியது. "பெரிசா இருக்கே தம்பி" என்றேன். "அரை மணி நேரந்தானேக்கா, ஒண்ணும் ஆகாது" என்றார். பின்னால் நீண்ட வரிசை. அவரும் சிரித்த முகத்தோடுதான் சொன்னார், மனசில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. நான் குனிந்து, ஜாக்கெட்டின் இரண்டு தோள்களையும் பிடித்து மேலே தூக்கினேன். அவள் முகம் முழுக்க உள்ளே போய்விட்டது. வெளியே தெரிந்தது கொஞ்சம் தலைமுடி மட்டும். அவளுக்கு ஒரே சிரிப்பு. நாங்கள் வரிசையை விட்டு விலகி வந்துவிட்டோம்.

அன்றைக்கு அங்கே நின்று வாதாட எனக்குத் துணிவில்லை. அதனால்தான் இந்த மடல்.

தளர்வாக இருந்தால் அப்படி என்னதான் ஆகிவிடும்? கரையில் ஒன்றும் ஆகாது. அதனால்தான் இது யாருக்கும் உறைப்பதில்லை. கரையில் ஜாக்கெட்டின் எடை தோளில் அழுந்தி உட்கார்ந்திருக்கும், பார்க்கவும் சரியாகவே தெரியும். தண்ணீருக்குள் போனதும் கதை மாறிவிடுகிறது. ஜாக்கெட் மேலே ஏறப் பார்க்கும், உடம்பு கீழே இறங்கப் பார்க்கும். இரண்டையும் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பவை அந்த வார்கள் மட்டும்தான். வார் தொளதொளவென்று இருந்தால் ஜாக்கெட் தன் பாட்டுக்கு மிதக்கும், ஆள் அதற்குள் காது வரை இறங்கிவிடுவார். வாயும் மூக்கும் தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிடும், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூட முடியாது. இரண்டு கையும் ஜாக்கெட்டைக் கீழே இழுத்துப் பிடிப்பதற்கே சரியாகிவிடும். எறிகிற கயிற்றைப் பிடிக்கக் கை ஏது?

சிறிய குழந்தை என்றால் இன்னும் மோசம். குழந்தைகளுக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கனம். தண்ணீரில் எளிதாக முகம் குப்புறக் கவிழ்ந்துவிடுவார்கள். ஜாக்கெட்டிலிருந்து அப்படியே நழுவிக் கீழே போய்விடவும் கூடும். படகைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் வெறும் ஜாக்கெட்தான் மிதந்துகொண்டிருக்கும்.

மாட்டும் முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை, வரிசை தெரிந்தால் போதும். முதலில் எல்லா வார்களையும் முழுக்கத் தளர்த்திவிட வேண்டும். இந்த முதல் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். முந்தைய சவாரியில் வந்தவர் எவ்வளவு பருமனோ அந்த அளவில் கிடக்கும் வாரை, அடுத்து வருகிறவர் மேல் அப்படியே 'டக்'கென்று கிளிப் போட்டு அனுப்பிவிடுகிறோம். தளர்த்திய பிறகு கையை நுழைத்து, ஜிப் இருந்தால் மேலே வரை ஏற்றி, எல்லா கிளிப்பையும் போட வேண்டும். அப்புறம் இறுக்குவது கீழிருந்து மேலாக: முதலில் இடுப்பு வார், அடுத்து மார்பு வார், கடைசியாகத் தோள். இடுப்பு வார் விலா எலும்புக்குக் கீழே நன்றாகப் பிடித்துக்கொண்டால், ஜாக்கெட் மேலே ஏறுவதை விலாக்கூடே தடுத்துவிடும். தோளை முதலில் இறுக்கினால் ஜாக்கெட் முழுவதும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், இடுப்பில் அதற்குப் பிடிப்பே இருக்காது. எவ்வளவு இறுக்கலாம்? ஆழமாக மூச்சை இழுத்து விட முடிய வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு சோதனை. "ரெண்டு கையையும் மேலே தூக்குங்க" என்று சொல்லிவிட்டு, தோள் பக்கத்தில் பிடித்து மெதுவாக மேலே இழுத்துப் பாருங்கள். தாடையையும் காதையும் தாண்டி ஏறினால் இன்னும் இறுக்க வேண்டும். இறுக்கியும் ஏறினால் அளவு பெரிது. வேறு எடுக்க வேண்டும். இன்னொன்று, பலகையில் உட்கார்ந்ததும் ஒருமுறை பார்க்க வேண்டும். நின்றபோது சரியாக இருந்த ஜாக்கெட், உட்கார்ந்ததும் தொடையில் முட்டிக் கழுத்துக்கு ஏறிவிடும். எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வரிசையில் நிற்கும்போதே தொடங்கினால் அந்த ஒரு நிமிடமும் யார் நேரத்தையும் தின்னாது.

குழந்தைகளுக்கான ஜாக்கெட்டில் கால் இடுக்கு வழியாக வரும் ஒரு வார் இருக்கும். அது உறுத்துகிறது என்று குழந்தை சிணுங்கும், பெற்றோரும் "விடுங்க தம்பி" என்பார்கள். விடாதீர்கள். மிகச் சிறிய குழந்தைக்குத் தலையைத் தாங்கும் கழுத்துப்பட்டையும், தண்ணீரிலிருந்து தூக்கி எடுக்கப் பின்கழுத்தில் ஒரு கைப்பிடியும் உள்ள ஜாக்கெட்தான் வேண்டும். "வளர்ற பிள்ளைதானே, கொஞ்சம் பெரிசாவே இருக்கட்டும்" என்று சொந்தமாக வாங்கிக்கொண்டு வரும் பெற்றோர்களும் உண்டு. அவர்களுக்கும் அந்தத் தோள் சோதனையைச் செய்து காட்டுங்கள். என்னைப் போல அவர்களே புரிந்துகொள்வார்கள்.

ஜாக்கெட்டின் உள்பக்கம் ஒரு சீட்டு தைத்திருக்கும். அதைப் படிக்கிறவர்களை நான் பார்த்ததே இல்லை. குழந்தைகளுக்கான அளவு எடையைப் பொறுத்தது, வயதைப் பொறுத்தது அல்ல. பரவலாகக் கிடைக்கும் ஒரு பிரிவு இப்படி: 14 கிலோவுக்குக் கீழ், 14 முதல் 23 வரை, 23 முதல் 41 வரை, அதற்கு மேல் பெரியவர்களுடையது. பெரியவர்களுக்கு மார்புச் சுற்றளவுதான் முக்கியம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பருமனானவருக்குத்தான் அதிக மிதப்பு வேண்டும் என்று நினைக்கிறோம். கொழுப்பு தானாகவே மிதக்கும், தசையும் எலும்பும்தான் மூழ்கும். ஒல்லியாக, கட்டுமஸ்தாக இருக்கும் இளைஞருக்குத்தான் ஜாக்கெட் அதிகம் உழைக்க வேண்டியிருக்கும். பொதுவாக, வளர்ந்த ஒருவரின் தலையைத் தண்ணீருக்கு மேல் வைத்திருக்க 3 முதல் 5.5 கிலோ அளவுக்குக் கூடுதல் மிதப்பு இருந்தால் போதும்.

அதே சீட்டில் 50, 100, 150, 275 என்று ஏதாவது ஓர் எண் இருக்கலாம். அது மிதப்பு விசை, நியூட்டன் கணக்கில். 10 நியூட்டன் என்பது ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும் விசை. உரிமையாளர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். 50 என்பது நீந்தத் தெரிந்தவர்களுக்கு, கரையும் உதவியும் பக்கத்தில் இருக்கும்போது பயன்படுத்துவதற்கு. விழித்திருப்பவரின் தலையைத் தாங்க அந்த 5 கிலோ மிதப்பு போதுமென்றாலும், மயங்கிக் கவிழ்ந்து கிடப்பவரை அது மல்லாக்கத் திருப்பிவிடும் என்று நம்ப முடியாது. 100 அமைதியான நீருக்கு, 150 கடலுக்கு, 275 கனமான உடையும் கருவிகளும் சுமந்து மோசமான கடலில் வேலை செய்கிறவர்களுக்கு. சவாரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்காவது நீச்சல் தெரியாது என்பது உங்களுக்கே தெரியும். அவர்களுக்கு 50 போதும் என்று எந்தக் கணக்கில் வாங்கினீர்கள்?

பழைய ஜாக்கெட்டுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1904 ஜூன் 15 அன்று நியூயார்க்கின் ஈஸ்ட் ரிவரில் 'ஜெனரல் ஸ்லோகம்' என்ற பயணக் கப்பல் தீப்பற்றியது. உல்லாசப் பயணம் வந்த குடும்பங்கள். இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல், அவர்களில் பெரும்பாலானோர் பெண்களும் குழந்தைகளும். கப்பலில் லைஃப் ஜாக்கெட் இல்லாமலில்லை. வருடக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்து துணி இற்று, உள்ளே இருந்த தக்கை பொடியாகிவிட்டிருந்தது. பிள்ளைகளுக்கு அதைக் கட்டித் தண்ணீரில் இறக்கிய தாய்மார்கள் பிள்ளைகள் மூழ்குவதைப் பார்த்தார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது, பொருள் செத்துப்போயிருந்தது.

தக்கைக்குப் பிறகு இலவம்பஞ்சு வந்தது. (ஆமாம், நம் தலையணைக்குள் இருக்கும் அதே பஞ்சுதான். மெழுகு பூசிய மாதிரியான இழை, உள்ளே வெறும் காற்று. தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. ஆனால் நசுங்கி நசுங்கிப் போனால் மிதப்பு குறைந்துவிடும்.) இப்போது பெரும்பாலும் ஃபோம். அது உளுத்துப்போகாது, ஆனால் அதற்கும் ஆயுள் உண்டு. வெயில் துணியையும் தையலையும் தின்னும். உட்கார்ந்து உட்கார்ந்து நசுக்கினால் ஃபோம் மெலிந்து மிதப்பு குறையும். எத்தனை படகுகளில் அதை இருக்கை மெத்தையாகப் போட்டிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். சாயம் வெளுத்தது, இழுத்தால் தையல் விடுவது, கிளிப் உடைந்து கயிற்றால் முடிச்சுப் போட்டது, அமுக்கினால் கல் மாதிரி இருப்பது, இதையெல்லாம் குவியலிலிருந்து எடுத்துக் கிழித்தே போட்டுவிடுங்கள். கிழிக்காவிட்டால் கூட்டம் வருகிற நாளில் அது மறுபடியும் குவியலுக்கு வந்துவிடும். நனைந்ததை நிழலில், காற்றோட்டமாகத் தொங்கவிட்டுக் காய வைக்க வேண்டும்.

காற்றடைத்து விரியும் ஜாக்கெட் வைத்திருக்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் வாயுக் குப்பி முழுதாக இருக்கிறதா, இறுக்கமாகத் திருகியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் கோட்டு போட விடாதீர்கள், விரியும்போது நெஞ்சை நெரித்துவிடும். நாலு பக்கமும் மூடிய படகில் அது உள்ளேயே விரிந்துவிடவும் கூடாது. 1996 நவம்பரில் கொமோரோஸ் தீவுகளை ஒட்டிய கடலில் எத்தியோப்பிய விமானம் விழுந்தபோது, வெளியே வருவதற்கு முன்பே ஜாக்கெட்டை ஊதிவிட்ட பயணிகள் சிலர் ஏறிவந்த தண்ணீரில் கூரையோடு ஒட்டி, வெளியேற முடியாமலே இறந்தார்கள்.

"எனக்கு நீச்சல் தெரியும், வேண்டாம்" என்று சொல்லும் ஆண்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அவர்களோடு மல்லுக்கட்டுவது அலுப்பான வேலைதான். குளிர்ந்த நீரில் திடீரென்று விழுந்தால் முதல் நிமிடத்தில் மூச்சு தன்னால் திணறி உள்ளே இழுக்கும், அந்த இழுப்பில் தண்ணீரும் போகும். அங்கே நீச்சல் உதவுவதில்லை என்று சொல்லிப் பாருங்கள். 1861 பிப்ரவரி 9 அன்று இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் உயிர்மீட்புப் படகு ஒன்று கவிழ்ந்தது. 13 பேர், எல்லோரும் கடலிலேயே பழகியவர்கள். பிழைத்தவர் ஹென்றி ஃப்ரீமன் ஒருவர்தான். அப்போது புதிதாக வந்திருந்த தக்கை ஜாக்கெட்டை அணிந்திருந்தவரும் அவர் ஒருவர்தான். இவ்வளவு பழைய கதை வேண்டாமென்றால், அமெரிக்கக் கடலோரக் காவல்படை உல்லாசப் படகு விபத்துகளுக்கு வைத்திருக்கும் 2023-ஆம் ஆண்டுக் கணக்கு இருக்கிறது: எப்படி இறந்தார்கள் என்று தெரிந்தவர்களில் நான்கில் மூன்று பேர் நீரில் மூழ்கியவர்கள். அப்படி மூழ்கியவர்களில், ஜாக்கெட் அணிந்திருந்தார்களா என்று தெரிந்தவர்களை மட்டும் எடுத்தால், 87 சதவீதம் பேர் அணியவில்லை.

உரிமையாளர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. ஜாக்கெட்டைக் குவியலாகக் கொட்டாமல் அளவு வாரியாகத் தொங்கவிடுங்கள். ஒவ்வோர் அளவிலும் படகு கொள்ளும் ஆட்களுக்கு மேலேயே கொஞ்சம் வாங்கி வையுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு பேருந்து நிறைய வந்து இறங்கினால் சிறிய அளவுதான் முதலில் தீரும். வரிசையின் தொடக்கத்தில் எடை பார்க்கும் கருவி ஒன்றும், அளவு நாடா ஒன்றும் இருக்கட்டும். ஜாக்கெட்டுக்கு மேலே முதுகுப்பையை மாட்டிக்கொண்டு ஏறுகிறவர்களைத் தடுக்க ஒரு பலகை வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மாட்டிவிடும் தம்பியிடம் "சீக்கிரம் அனுப்பு" என்று கத்தாதீர்கள். அன்றைக்கு அந்தத் தம்பி ஒரு கண்ணை வரிசையிலும் ஒரு கண்ணை உங்கள் கவுண்டரிலும் வைத்திருந்ததை நான் பார்த்தேன்.

தம்பிகளே, அளவு இல்லையென்றால் "இல்லை, ஏற்ற முடியாது" என்று சொல்லுங்கள். சிலர் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள், தூக்கிக்கொள்ளட்டும்.

அடுத்த விடுமுறைக்கு மறுபடியும் வருவோம். எனக்கு மார்புச் சுற்றளவு 92 சென்டிமீட்டர். மகள் இப்போது 22 கிலோ. வருவதற்குள் 23-ஐத் தாண்டிவிடுவாள் என்று நினைக்கிறேன். அதனால் அவளுக்கு இரண்டு அளவிலும் ஒவ்வொன்று எடுத்து வையுங்கள், மாட்டிப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
அன்றைக்கு வரிசையை விட்டு விலகிப்போன அக்கா