அம்மாவுக்கு அது கேமரா பையாகவே இருக்கட்டும்

சோல்டாட்னா, அலாஸ்கா
ஆகஸ்ட் 9

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். நீங்களும் சித்தியும் நலமா?

போன வாரம் போனில், துப்பாக்கி வாங்கினாயா என்று நீங்கள் கேட்டதற்கு நான் மழுப்பினேன். ஸ்பீக்கரில் அம்மாவும் இருந்தாள், அதனால்தான். ஆமாம், ரிவால்வர் வாங்கிவிட்டேன். நான் அனுப்பிய மீன் போட்டோவில் என் நெஞ்சில் மாட்டியிருந்தது கேமரா பை இல்லை. அம்மாவிடம் மட்டும் கேமரா பை என்றே இருக்கட்டும். உங்களுக்கு விவரமாக எழுதுகிறேன். வீட்டில் இதைக் கேட்டுப் புரிந்துகொள்ளக் கூடியவர் நீங்கள் ஒருத்தர்தான்.

இந்த ஊர் கீனாய் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1985-ல் இந்த ஆற்றில் ஒருத்தர் தூண்டிலில் பிடித்த கிங் சால்மன் 97 பவுண்டு, அதாவது 44 கிலோ. அது இன்றைக்கும் உலக சாதனை. ஜூன், ஜூலையில் சிவப்பு சால்மன் கடலிலிருந்து ஏறி வரும்போது ஊரே தண்ணீரில் இறங்கி நிற்கும். ஜூனில் பகல் 19 மணி நேரம். ராத்திரி பதினொன்றுக்கு லேப் வேலை முடிந்தும் தூண்டிலோடு போகலாம், வெளிச்சம் இருக்கும். நானும் பழகிவிட்டேன். உங்கள் மருமகள் அந்த மீனில் வைக்கும் குழம்பு தனிக் கதை, அதை அவளே எழுதட்டும்.

சங்கடம் என்னவென்றால், அந்த மீனுக்குக் கரடியும் வரும். ரஷ்யன் ரிவர் என்று ஒரு கிளையாறு, காரில் ஒரு மணி நேரம். போன வருஷம் அங்கே முழங்கால் தண்ணீரில் நிற்கிறேன். எதிர்க்கரையில் ஒரு பழுப்புக் கரடி, பின்னால் இரண்டு குட்டி. தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போகிற தூரம்கூட இல்லை. யாரும் கத்தவில்லை. எல்லாரும் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு, பிடித்த மீனைக் கையோடு எடுத்துக்கொண்டு, மெதுவாக மேட்டுக்கு ஏறினார்கள். மீனைச் சுத்தம் செய்தால் முள்ளையும் தலையையும் துண்டு துண்டாக வெட்டி வேகமாக ஓடும் தண்ணீரில் வீச வேண்டும், கரையில் போட்டால் கரடிக்குப் பந்தி வைத்த மாதிரி. இதெல்லாம் அங்கே போர்டு எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்துப் பெரிய ஆண் கரடி 400 கிலோவைத் தாண்டும் என்றால் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உடனே துப்பாக்கிதானா என்று கேட்பீர்கள். இல்லை. முதலில் வாங்கியது மிளகாய் ஸ்ப்ரே. அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நடந்த சம்பவங்களை ஆராய்ந்ததில், பழுப்புக் கரடி மேல் ஸ்ப்ரே அடித்தபோது 100-க்கு 92 முறை அதன் வம்பு நின்றிருக்கிறது. அதனால் இன்றைக்கும் என் வலது இடுப்பில் ஸ்ப்ரேதான். ஆனால் அது முப்பது அடி வரைக்கும்தான் போகும், எதிர்க்காற்று அடித்தால் நம் கண்ணிலேயே விழும். ஆற்றுப் பள்ளத்தாக்கில் காற்று எந்த நேரமும் அடிக்கும். ரிவால்வர் அதற்குப் பிறகுதான்.

முன்னாலேயே வாங்கியிருக்க முடியாது. எச்1பி விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. வேட்டை லைசென்ஸ் வாங்கினால் விலக்கு உண்டு என்பார்கள். அந்தச் சந்தில் நுழைந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கிரீன் கார்டு வந்த பிறகுதான் கடைப்படி ஏறினேன். அங்கே 4473 என்று ஒரு ஃபாரம், அதில் என் குடியேற்ற எண்ணையும் எழுத வேண்டும். கடைக்காரர் அதைப் பார்த்து மத்திய அரசின் குற்றப் பதிவில் என் பெயரைச் சரிபார்ப்பார். இருபது நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. கலெக்டர் ஆபீஸ் கிடையாது, ஸ்டேஷன் விசாரணை கிடையாது. 2003 முதல் இங்கே 21 வயது ஆனவர் மறைத்து எடுத்துப்போகவும் லைசென்ஸ் தேவையில்லை. உங்களுக்குக் கேட்கவே பகீரென்று இருக்கும். எனக்கும் இருந்தது, இருக்கிறது.

உங்கள் மருமகள் 900 டாலர் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். துப்பாக்கி, உறை, பூட்டுப் பெட்டி, தோட்டா எல்லாம் அதற்குள். லேப்பில் என்னோடு வேலை பார்க்கும் பெரியவர் ஒருத்தர், முப்பது வருஷமாக இங்கே மீன் பிடிப்பவர், தன்னிடமும் நண்பர்களிடமும் இருந்த நாலைந்தைக் கொண்டுவந்து, “முதலில் சுட்டுப் பார், அப்புறம் பணத்தை எடு” என்றார். அவர் மட்டும் இல்லாவிட்டால் நான் கண்ணாடிப் பெட்டியில் பளபளப்பாக இருப்பதை வாங்கிவந்து மாட்டியிருப்பேன்.

நெஞ்சு உறையில் போட வேண்டும், ஏனென்றால் ரப்பர் கால்சட்டைக்கும் முதுகுப்பையின் வாருக்கும் நடுவே இடுப்பில் இடமே இல்லை. அதனால் குட்டைக் குழல். கரடி என்பதால் குழலில் பெரிய துளை, அதாவது பெரிய குண்டு. இந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்பது பிறகுதான் புரிந்தது. 44 மேக்னம் என்ற பெரிய தோட்டாவில் இருக்கும் வெடிமருந்து நீளக் குழலில் முழுசாக எரிந்து, 240 கிரெய்ன் (பதினைந்தரை கிராம்) குண்டை நொடிக்கு 1,300 அடிக்கு மேல் தள்ளும். இரண்டரை அங்குலக் குழலில் அது 1,100 பக்கம் இறங்கிவிடும். எரியாத மிச்சம் வெளியே வந்து எரிகிறது: முகத்துக்கு முன்னால் ஒரு தீப்பந்து, காதடைக்கிற சத்தம். வேகத்தை இழந்தாலும் கையில் விழுகிற உதை குறைந்த மாதிரி தெரியவில்லை. (44 என்பது பேருக்குத்தான் சித்தப்பா, குண்டின் விட்டம் 0.429 அங்குலம்.)

முதலில் சுட்டுப் பார்த்தது சார்ட்டர் ஆர்ம்ஸ் புல்டாக் என்ற ரிவால்வர். 1973-லிருந்து வருகிறது, ஐந்து தோட்டா, எடை 20 அவுன்ஸ் பக்கம், அதாவது 600 கிராமுக்கும் உள்ளே. புதுசே 500 டாலருக்குள் கிடைக்கும். நான் மனசுக்குள் பில் போட்டுவிட்டேன். இது 44 ஸ்பெஷல் போடுவது. 1907-லிருந்து இருக்கும் தோட்டா, பழைய அளவில் 246 கிரெய்ன் குண்டு 755 அடி வேகம். சாதுவான தோட்டாதான், ஆனாலும் அந்த எடைக்குக் கட்டைவிரல் இடுக்கில் சுருக்கென்று கடித்தது. சட்டைக்குள் வைத்துக்கொள்ள அருமையான சாமான். கரடிக்கென்று விற்கும் கனத்த தோட்டாக்களை அதில் போடக் கூடாது என்று பெரியவர் கையைத் தடுத்துவிட்டார்.

அடுத்தது அதற்கு நேர் எதிர், ரூகர் சூப்பர் ரெட்ஹாக் அலாஸ்கன். இதுவும் இரண்டரை அங்குலம்தான், ஆனால் எடை ஒன்றேகால் கிலோ. ஆறு தோட்டா. அம்மிக்கல்லைப் பிடித்துச் சுட்ட மாதிரி நிதானமாக இருந்தது. விலை ஆயிரம் டாலருக்கு மேல். சரி, வணக்கம் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

மூன்றாவது யாரோ நண்பருடையது, பெயர் வேண்டாம். டைட்டானியம் சிலிண்டர் (தோட்டாக்களை வைக்கும் சுழல் உருளை), 44 மேக்னம், எடை 700 கிராம். முதல் தோட்டாவிலேயே உள்ளங்கையில் பிரம்படி வாங்கின மாதிரி. இரண்டாவது சுட்டபோது கண்ணில் தண்ணீர். மூன்றாவதுக்கு டிரிகரை இழுக்கிறேன், நகரவே இல்லை. சிலிண்டர் சிக்கிக்கொண்டது. குழலைப் பாதுகாப்பான பக்கம் வைத்தபடியே பெரியவர் வாங்கி, சிலிண்டரைத் திறக்கப் படாத பாடு பட்டார். பார்த்தால் ஒரு தோட்டாவின் ஈயக் குண்டு ஒரு நெல்மணி அளவுக்கு முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிறது. துப்பாக்கி லேசாக இருந்தால் உதையில் அது வெடுக்கென்று பின்னால் போகும். சுடாமல் உள்ளே இருக்கும் தோட்டாக்களின் பித்தளைக் கூடும் அதோடு போகும், குண்டு மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அப்படியே கூட்டிலிருந்து கழன்று முன்னால் வந்து, துப்பாக்கியின் சட்டத்தில் முட்டி, சிலிண்டரைச் சுற்றவிடாமல் செய்துவிடும். ரிவால்வர் என்றால் சிக்காது என்றுதானே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்! அன்றைக்கு முடிவு செய்தேன்: ஒரு கிலோவை ஒட்டி எடை இருக்க வேண்டும், பழசானாலும் பரவாயில்லை.

பழசு தேட ஆங்கரேஜ் போனோம், 240 கிலோமீட்டர். அங்கே விற்பனை வரியும் கிடையாது. முதல் கடையில் ஒன்று 425 டாலருக்கு இருந்தது. எனக்குக் கை பரபரத்தது. பெரியவர் சிலிண்டரைத் திறந்து, தோட்டா போடும் எல்லா அறையும் காலி என்று பார்த்தார், என்னையும் பார்க்க வைத்தார். அப்புறம் சிலிண்டரைக் கட்டைவிரலால் லேசாக உரசிப் பிடித்துக்கொண்டு, பின்னால் இருக்கும் ஹேமரை, அதாவது சுத்தியலை, மெதுவாக, ரொம்ப மெதுவாக இழுத்தார். ஹேமர் கடைசிவரை போய் நின்றுவிட்டது, சிலிண்டர் இன்னும் பூட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வோர் அறையாகப் பார்த்ததில் இரண்டு அறை அப்படி. அதாவது தோட்டா குழலுக்கு நேராக வந்து சேர்வதற்கு முன்னாலேயே அதை வெடிக்க வைக்கும் ஊசி அடிக்கும். திருகுகளின் தலை வேறு சிதைந்திருந்தது. யாரோ வீட்டில் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். கடைக்காரர் இன்னும் ஐம்பது குறைக்கிறேன் என்றார். நாங்கள் டீ குடிக்கப் போய்விட்டோம்.

இரண்டாவது கடையில் கிடைத்ததுதான் இது. ஸ்மித் அண்ட் வெசன் 69, இரண்டே முக்கால் அங்குலக் குழல், ஐந்து தோட்டா, 44 மேக்னம், எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்து அறையும் ‘டிக்’ என்று பூட்டின. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே இடுக்கு அளக்கும் தகட்டை விட்டுப் பார்த்தார்: அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு. பத்தைத் தாண்டினால் வேண்டாம் என்பது அவர் கணக்கு. குண்டு குழலுக்குள் நுழையும் வாயில் டார்ச் அடித்து விரிசல் தேடினோம், இல்லை. பக்கவாட்டில் ஒரு நீளக் கீறல் இருந்தது, அதற்கு நாற்பது டாலர் குறைத்தார்கள். 640-க்கு முடிந்தது. உறை 85, இரும்புப் பெட்டி 60. மீதி 115-ல் பழகுவதற்கு ஸ்பெஷல் ஐம்பது, ஆற்றுக்கு இருபது கனத்த வார்ப்பு ஈயத் தோட்டா. பின்னது ஒன்று இரண்டரை டாலர் ஆகிறது, சுடும்போது வயிறு எரிகிறது.

மேக்னம் துப்பாக்கியில் ஸ்பெஷல் தோட்டாவும் போடலாம், கூடு மட்டும் எட்டில் ஒரு பங்கு அங்குலம் குட்டை. மேக்னம் தோட்டாவை ஸ்பெஷல் துப்பாக்கியில் போட முடியாது. இந்த ஒரு வசதிக்காகவே இதை எடுத்தேன். ஸ்பெஷலில் இருபது அடியில் வைத்த காகிதத் தட்டில் ஐந்தும் விழுகின்றன. மேக்னத்தில் மூன்று விழும், மற்ற இரண்டும் எங்கே போயின என்று தெரியாது. அதனால் ஆற்றுக்குப் போகும்போதும் வேகம் குறைந்த, தட்டை மூக்கு ஈயக் குண்டுதான் போடுகிறேன். குழிமூக்குக் குண்டு சீக்கிரம் விரிந்து மேலேயே நின்றுவிடும், கரடியின் எலும்பைத் தாண்டி உள்ளே போக வேண்டும் என்றால் விரியாத கெட்டி ஈயம்தான் சரி.

சுட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றும் இல்லை. தற்காப்புக்காகக் கரடியைக் கொன்றால் அரசாங்கத்துக்குத் தகவல் சொல்லி, தோலையும் நகத்தோடு உரித்து, மண்டையோட்டையும் ஒப்படைக்க வேண்டும். எனக்கு மீன் செதிலே ஒழுங்காக எடுக்க வராது. இன்னொன்று, இங்கிருந்து மற்ற மாநிலங்களுக்குக் காரில் போக வேண்டுமென்றால் நடுவில் கனடா. அங்கே இதை எடுத்துக்கொண்டு நுழைய முடியாது, நாலு அங்குலம் சொச்சத்துக்குக் குறைந்த குழல் என்றாலே தடை. ஆகவே இது அலாஸ்காவை விட்டு நகராது.

வீட்டில் அது அலமாரிக்குள் திருகி வைத்த இரும்புப் பெட்டியில் இருக்கிறது. தோட்டா வேறு இடம். எங்கள் குட்டிப் பிள்ளைக்கு நாலு வயசு, பெட்டியைத் தொடக்கூடத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருக்க நான் தயாராயில்லை. நீங்கள் திண்ணையில் தினத்தாளை விரித்து, சர்வீஸ் ரிவால்வரைத் துடைக்கும்போது நான் ஒரு விரலை நீட்டியதும் அன்றைக்கு விழுந்த அடியும் மறக்கவில்லை.

அந்தத் திண்ணையில் நீங்கள் செய்வீர்களே, காலித் துப்பாக்கியின் குழல் மேல் நாலணாவை வைத்து டிரிகரை இழுப்பது, காசு விழாது. ராத்திரி குட்டி தூங்கினதும், மூன்று தடவை திறந்து பார்த்துவிட்டு, அதைத்தான் செய்கிறேன். இங்கே கால் டாலர் காசு. ஐந்துக்கு இரண்டு தடவை இன்னும் விழுந்துவிடுகிறது. நீங்கள் விரலின் நுனியால் இழுப்பீர்களா, முதல் கணுவாலா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். போனில் வேண்டாம், அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள்.

சித்திக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் செல்வம்