டைரக்டரம்மாவுக்கு அம்மா எழுதறது

செல்லம்,

நீ டைரக்டர் ஆனதுக்கு போன்ல வாழ்த்து சொன்னதோட சரி, மீதிய எழுதிடலாம்னு விட்டுட்டேன், ஏன்னா போன்ல நீ என்னைய எங்க பேச விடுற. உங்கப்பா இன்னும் "கலை மையத்துல டைரக்டர்னா இவளா மேடை ஏறப்போறா"ன்னு கேக்குறாரு. ஏறுறவங்களுக்கு மேடை இருக்கணும், லைட்டு எரியணும், சம்பளம் போய் சேரணும், அதைத்தான் பாக்கப்போறான்னு சொன்னேன். தலைய மட்டும் ஆட்டினாரு.

ஆயுசு பூரா அக்கவுண்ட்ஸ் பாத்தவ நான், பணத்துலதான் ஆரம்பிப்பேன், கோச்சுக்காத. கிராண்ட், அதான் மானியம், வந்துடுச்சுன்னு துள்ளுறதுக்கு முன்னாடி லெட்டரை கடைசி வரி வரைக்கும் படி. முக்காவாசி அந்த ப்ராஜெக்ட்டுக்கு மட்டும்தான்னு போட்டிருப்பாங்க. விழா நடத்த காசு குடுப்பாங்க, ஆனா விழாவ நடத்துற ஆபீஸோட கரண்ட் பில்லும் வாட்ச்மேன் சம்பளமும் யார் ப்ராஜெக்ட்லயும் வராது. அதனால அப்ளிகேஷன் போடும்போதே ஆபீஸ் செலவுல ஒரு பங்கை சேத்து கேளு, இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

அப்பறம் உங்க நிர்வாக போர்டுல யாராச்சும் டிக்கெட் காசுலயே ஏன் ஓட்ட முடியலன்னு கேப்பாங்க, கட்டாயம் கேப்பாங்க. பாமோல், போவன்னு ரெண்டு எகனாமிஸ்ட் 1966லயே இதுக்குன்னு புக் போட்டிருக்காங்க. நாலு பேர் வாசிக்கிற ஒரு உருப்படிக்கு 200 வருஷம் முன்னாடியும் நாலு பேர்தான், அதே நேரம்தான், மெஷின் வாங்கி ரெண்டு பேரா கொறைக்க முடியாது, ஆனா மத்த தொழில்ல சம்பளம் ஏறுறப்போ இவங்களுக்கும் ஏத்தித்தான ஆகணும். வரவுக்கும் செலவுக்கும் நடுவுல பள்ளம் விழறது உன் நிர்வாகத்தால மட்டும் இல்லன்னு தைரியமா சொல்லு. கலைஞர்களுக்கு பேசின காச மட்டும் அன்னிக்கே குடுத்துடு, "உங்களுக்கு எக்ஸ்போஷர் கெடைக்குமே"ன்னு இளிக்கிற ஆளா நீ ஆயிடாத.

ஊர் மக்களுக்குன்னு நீங்க நடத்துற அந்த நிகழ்ச்சி விஷயம்தான் எனக்கு உறுத்துது. போஸ்டர் எல்லாம் அடிச்சு முடிச்சுட்டு அப்பறம் போய் மக்கள கூப்பிடறது வேலைக்காகாதுடி. ரிப்போர்ட்ல 500 பேர் வந்தாங்கன்னு எழுதலாம், அதுல 450 பேர் எப்பவும் வர்ற அதே முகம்னா என்ன பிரயோஜனம்? வராதவங்கள போய் பாரு. ராத்திரி ஷிஃப்ட்டா, கைக்குழந்தையா, வாசல்ல படிக்கட்டு மட்டும் இருக்கா, இல்ல அந்த கட்டடத்துக்குள்ள நமக்கென்ன வேலைன்னு ஒரு கூச்சமா, ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு இருக்கும். கூச்சத்துக்கு ரேம்ப் கட்ட முடியாது, அவங்கள்ல ரெண்டு பேர நிகழ்ச்சி முடிவு பண்ற கமிட்டில உக்கார வைக்கணும், வெறும் ஆலோசனைக்குன்னு இல்ல, ஓட்டு குடுத்து. அவங்க கேக்குறது உனக்கு பிடிக்காத டான்ஸா இருக்கலாம். இருக்கட்டுமே.

1947ல ஸ்காட்லாந்துல இருக்கிற எடின்பரோல மொத கலை விழா நடந்தப்ப அழைப்பே இல்லாம எட்டு நாடகக் குழு தானா வந்து கெடைச்ச எடத்துல நாடகம் போட்டாங்க. அதுதான் இன்னிக்கு ஃப்ரிஞ்ச்னு அவ்ளோ பெருசா நடக்குது. உங்க ஹால் காலியா கெடக்குற நாள்ல சாவிய இந்த மாதிரி ஆளுங்ககிட்ட குடுத்துப் பாரேன், இன்சூரன்ஸ் பேப்பர மட்டும் சரி பாத்துக்க.

பட்ஜெட் ஷீட்டை அனுப்பு, போர்டு மீட்டிங்குக்கு முன்னாடி ஒரு தடவ பாத்து தர்றேன். பிடிஎஃப் வேணாம், எக்செல்லா அனுப்பு.

அம்மா