திருகோணமலைத் துறைமுகத்தில் உடைந்து மூழ்கிய மிதக்கும் டொக்கை மறக்க விடாதீர்கள்

கிழக்குக் கடற்படைக் கட்டளைக்கும், திருகோணமலைக் கடல்சார், கடற்படை வரலாற்று அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் ஊரின் போர்க்கால வரலாறு என்றாலே 1942 ஏப்ரல் 9 தான் எல்லோர் வாயிலும் வரும். ஜப்பானிய விமானங்கள் வந்த கதை, எண்ணெய்த் தாங்கி எரிந்த கதை, மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கிய கதை. அவை சொல்லப்பட வேண்டியவைதான். ஆனால் 1944 ஓகஸ்ட் 8 ஆம் திகதி, ஒரு குண்டும் விழாமல், இதே துறைமுகத்துக்குள் பிரித்தானியக் கடற்படை ஒரு பெரிய இழப்பைச் சந்தித்தது. அதை ஊரில் கேட்டால் தெரிந்தவர்கள் குறைவு. இந்த மடல் அதற்காகத்தான்.

அன்று மூழ்கியது ஏ.எஃப்.டி. 23 என்ற மிதக்கும் டொக், அதாவது திருத்த வேலைக்காகக் கப்பலைத் தண்ணீருக்கு மேலே தூக்கும் மிதவை. பம்பாயில் கட்டப்பட்டு இங்கே கொண்டுவரப்பட்டது. 50,000 தொன் வரை தூக்கக்கூடியது. சிங்கப்பூரின் பெரிய கப்பல் திருத்தும் துறை 1942 பெப்ரவரியிலிருந்து ஜப்பானியர் கையில் இருந்தது. அந்த நிலையில், போர்க்கப்பல் ஒன்றின் அடிப்பாகத்தைத் தண்ணீருக்கு மேலே எடுத்துப் பார்க்க பிரித்தானியாவின் கீழைக் கடற்படைக்கு இந்த டொக் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அதில் ஏறிய கப்பல் வேலியன்ட். 30,000 தொன்னுக்கு மேற்பட்ட போர்க்கப்பல். இரண்டு வாரத்துக்கு முன், ஜூலை 25 இல், சுமாத்திராவுக்கு வடக்கே ஜப்பானியர் வசமிருந்த சபாங் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்துவிட்டு வந்திருந்தது.

மிதக்கும் டொக்கின் வேலை கேட்பதற்கு எளிது. அதன் தாங்கிகளில் கடல்நீரை நிரப்பினால் அது அமிழும். கப்பல் உள்ளே வரும். பிறகு நீரை இறைக்க இறைக்க டொக் கப்பலையும் தூக்கிக்கொண்டு எழும். ஆனால் எந்தத் தாங்கியை முதலில் இறைப்பது, எதைப் பிறகு இறைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கப்பலின் பாரம் முனையிலிருந்து முனைவரை ஒரே சீராக இருப்பதில்லை. எங்கே பாரம் அதிகமோ அங்கே அதற்கேற்ற தூக்குவிசை இருக்க வேண்டும். அன்று இறைத்த வரிசை வேலியன்டின் பாரத்துக்குப் பொருந்தவில்லை. போதாததற்குக் கப்பல் முழு வெடிமருந்துச் சுமையோடு உள்ளே வந்திருந்தது. வழக்கமாக அதை இறக்கிவிட்டுத்தான் டொக்கில் ஏற்றுவார்கள். டொக்கின் முதுகு முறிந்தது. அது மூழ்கியது.

வேலியன்ட் தப்பியதற்குக் காரணம், கொதிகலன்களில் நீராவியை அணைக்காமல் வைத்திருந்ததுதான். ஆனாலும் உள்பக்க இரண்டு உந்துவிசிறிகளும் ஒரு சுக்கானும் இறுகிப்போயின. நேராகக்கூட ஓட முடியாத கப்பலைச் சுயஸ் வரை கொண்டுபோய், அங்கே சுழியோடிகள் நீருக்கடியில் அந்த இரண்டு உந்துவிசிறிகளின் தண்டுகளையும் வெட்டி விழுத்தினார்கள். முப்பது ஆண்டு பழைய அந்தக் கப்பல் மறுபடி போர்முனைக்குத் திரும்பவில்லை.

எதிரி செய்த அழிவை எல்லா நாடும் கல்லில் பொறித்து வைக்கிறது. கணக்குத் தவறியதால் வந்த அழிவைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வருவதில்லை. படிப்பினை அதிகம் இருப்பது இரண்டாவதில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பொறியியல் படிக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஒரு விபத்தை வைத்தே மிதப்பு, பாரம், வளைவு மூன்றையும் சொல்லிக்கொடுக்கலாம்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். அருங்காட்சியகத்தில் இந்த டொக்குக்கென்று ஒரு பகுதி இருக்கட்டும். தாங்கிகளை இறைக்கும் முறையைக் காட்டும் ஒரு மாதிரியுருவும், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நிறைவான விளக்கமும் அங்கே இருக்கட்டும். கடற்படையின் கப்பல் திருத்தும் தளமான டொக்யாட்டில் வேலைசெய்த குடும்பங்கள் இன்னும் இந்த ஊரில் இருக்கின்றன. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், மலையாளிகள் எல்லோரும் அங்கே உழைத்தார்கள். அப்பா சொன்னது, தாத்தா சொன்னது என்று அவர்கள் வீடுகளில் கிடப்பதை ஒலிப்பதிவு செய்ய ஆள் அனுப்புங்கள். கடைசியாகக் கேட்டவர்களுக்கே இப்போது வயது போய்க்கொண்டிருக்கிறது.

அடுத்தது, நீருக்கடியில் கிடக்கும் அந்த இரும்பு. நீருக்கடி மரபுரிமை பற்றிய யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கை 100 ஆண்டு கடந்தவற்றையே கணக்கில் எடுக்கிறது. இந்த டொக் அந்த வயதை எட்ட 2044 ஆக வேண்டும். அதுவரை பழைய இரும்பு வியாபாரம் காத்திருக்காது. 1942 குண்டுவீச்சில் எரிந்த சாகெய்ங் கப்பலை 2018 இல் உங்கள் சுழியோடிகள்தான் மேலே எடுத்தார்கள். அவர்களுடைய திறமையை நாடே பார்த்தது. அதே ஆட்கள் இந்த டொக்கையும் அளந்து, படமெடுத்து, வரைபடமாக்கிவிட்டால், பிறகு எது களவு போனாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பதிவு இருக்கும். அந்தப் பதிவின் ஒரு பிரதியை எங்கள் நகர நூலகத்துக்கும் தாருங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
திருகோணமலைவாசி ஒருவர்