ஃபாதரிங்கே மேட்டுக்கு ஒரு நடை

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும் மொட்டை மாடிக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாயாம், தங்கச்சி போனில் புலம்பியது. நீ திருந்த மாட்டாய்.

சரி, உனக்கும் சேர்த்து நான் நடந்துவிட்டு வந்தேன். போன சனிக்கிழமை அவுண்டில் என்ற ஊர் வரை பஸ், அங்கிருந்து காட்டர்ஸ்டாக், டான்சர் வழியாக ஆற்றையொட்டி, ஒரு காலத்தில் பெரிய கோட்டை இருந்த ஃபாதரிங்கேவுக்கு. அந்த ஆறு எங்கள் பீட்டர்பரோவில் 'நீன்', மேலே நார்த்தாம்டனில் 'நென்'. எழுத்து ஒன்றுதான். இரண்டு நாள் மழை, உழுதுபோட்ட களிமண், ஷூ ஒவ்வொன்றும் அரைக் கிலோ கனத்தது. வேலியோரம் பிளாக்பெர்ரி எல்லாம் வதங்கிப் போயிருந்தது. தின்ன முடியவில்லை.

தூரத்திலிருந்து முதலில் தெரிவது தேவாலயத்தின் எண்கோணக் கோபுரம். கோட்டை? ஒரு புல்மேடு, சுற்றி அகழி இருந்த பள்ளம், ஆட்டுப் புழுக்கை, ஆற்றோரம் கம்பிவேலிக்குள் ஒரே ஒரு கட்டுமானக் கட்டி. அவ்வளவுதான். போட்டோ அனுப்பினேன், வீட்டில் "என்ன, ஏதாவது ஏரிக்கரையா?" என்றாள்.

அந்த மேட்டடியில்தான் 1452இல் இங்கிலாந்து ராஜா மூன்றாம் ரிச்சர்டு பிறந்தான். 1586 அக்டோபரில் ஸ்காட்லாந்து ராணி மேரியை இங்கேதான் விசாரித்தார்கள், வக்கீல்கூட இல்லாமல். பத்தொன்பது வருடக் காவலுக்குப் பிறகு, 1587 பிப்ரவரி 8 அன்று, பெரிய மண்டபத்தில் தலையை வெட்டினார்கள். முதல் வெட்டு சரியாக விழவில்லையாம். உடலை எங்கள் ஊர்க் கதீட்ரலில் அடக்கம் செய்து, 1612இல் மகன் ஜேம்ஸ் லண்டனுக்கு எடுத்துப் போனான். தாய் செத்த கோட்டையை அவன்தான் ஆத்திரத்தில் தரைமட்டமாக்கினான் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கோட்டை இடிந்தது அவன் செத்த பிறகு.

என்னை உறுத்தியது தேவாலயத்துக்குள் போன பிறகுதான். ரிச்சர்டின் அப்பா அம்மா, அதாவது யார்க் கோமகனும் சிசிலியும், அங்கே அடக்கம். பழைய கல்லறைகள் சிதைந்து கிடந்ததைப் பார்த்து, 1573இல் புதிதாகக் கட்டச் சொன்னது இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத். முன்னோர் மேல் அத்தனை பாசம். பதினாலு வருடம் கழித்து, கூப்பிடு தூரத்தில் இருக்கும் கோட்டையில் மேரியின் தலையை எடுக்கக் கையெழுத்துப் போட்டதும் அதே எலிசபெத். மேரி யார்? அவளுக்குச் சொந்த அத்தை பேத்தி. அந்தக் கல்லறையில் கிடப்பவர்கள் இரண்டு பேருக்குமே முன்னோர். நம் ஊர்ப் பங்காளிச் சண்டையெல்லாம் எந்த மூலைக்கு!

திரும்பும்போது இருட்டிவிட்டது. அவுண்டிலில் டால்பட் என்ற பழைய விடுதியில் டீ குடித்தேன். அங்கே இருக்கும் மரப்படிக்கட்டு ஃபாதரிங்கே கோட்டையிலிருந்து வந்தது, மேரி கடைசியாக இறங்கியது அதில்தான் என்கிறார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் சகதி ஷூவைத் துடைத்துக்கொண்டு ஒரு தடவை ஏறி இறங்கினேன். நீ வந்தால் கீழேயே நின்று பார்த்துக்கொள்.

உன் பழைய ரூம்மேட்