வழி தப்பினா என்ன பண்றதுன்னும் போடுங்க சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

நீங்க போடுற ட்ரெக்கிங் பக்கத்தை எங்க வீட்ல எல்லாரும் படிக்கிறோம், எப்படி போறது, எங்க டிபன் நல்லாருக்கும்னு எல்லாம் இருக்கு, ஆனா காட்டுல தனியா மாட்டிக்கிட்டா என்ன பண்ணணும்னு ஒரு வரி கூட இல்ல. ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கன்னு கேக்கத்தான் இந்த லெட்டர்.

எங்க அக்கா பையன் நாகலாபுரம் மலைக்கு ட்ரெக்கிங் கிளம்பும்போது அவன் பையைத் திறந்து பாத்தேன் (பாக்கக் கூடாதுதான், தாய்மாமன் உரிமை). ப்ளூடூத் ஸ்பீக்கர், செல்ஃபி ஸ்டிக், சிப்ஸ், ஒரே ஒரு லிட்டர் தண்ணி. டார்ச் எங்கடான்னா ஃபோன்ல இருக்கு மாமாங்கிறான். விசில் எங்கடான்னா, நான் என்ன கண்டக்டரான்னு சிரிக்கிறான். கத்திக் கத்தி தொண்டை கட்டினப்புறம் அந்த விசில்தான் பேசும், மூணு மூணு தடவையா ஊதினா ஆபத்துன்னு அர்த்தம், இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா இவங்களுக்கு?

ரீல்ஸ்ல கல்லை உரசி தீ மூட்டுறான், பாம்பைப் பிடிச்சு சுட்டுத் திங்கிறான். நிஜத்துல சாப்பாடு இல்லாம வாரக்கணக்குல கூட உயிர் தாங்கும், தண்ணி இல்லாம சுமார் மூணு நாள்தான், நம்ம வெயில்ல நடந்தா அதுவும் கிடையாது. சென்னைக்காரங்க நம்பவே மாட்டோம், குளிரும் ஆளைக் கொல்லும். பனிதான் பெய்யணும்னு இல்ல, மலை மேல மழையில நனைஞ்ச காட்டன் டீ-ஷர்ட்டோட காத்துல ராத்திரி நின்னா போதும். உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழ இறங்கினா கை நடுங்கும், ஷூ லேஸ் கட்ட வராது, பேச்சு குழறும், அப்புறம் புத்தியே மழுங்கிடும். தனியா இருந்தா டேய் உனக்கு என்னமோ ஆகுதுடான்னு சொல்லக்கூட பக்கத்துல ஆள் இல்ல.

ஆனா உடம்புக்கு முன்னாடி மனசுதான் கவுத்து விடுது. வழி தெரியலன்னு உறைச்ச நிமிஷம் நெஞ்சு படபடங்கும், கால் தானா வேகமெடுக்கும், இதோ இந்தத் திருப்பத்துல வந்துரும் வந்துரும்னு நடந்து இன்னும் உள்ள போயிருவோம். 2009ல ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் ஆளுங்களை காட்டுலயும் சஹாராவுலயும் நடக்க விட்டுப் பாத்தாங்க, சூரியனோ நிலாவோ கண்ணுக்குத் தெரியாதப்போ நேராத்தான் போறோம்னு நினைச்சுக்கிட்டே வட்டமடிச்சிருக்காங்க. அதனால முதல்ல செய்ய வேண்டியது உக்காருறது. 2022 பிப்ரவரில மலம்புழா பக்கத்து மலைல வழுக்கி பாறை இடுக்குல மாட்டுன பையன் ஃபோன்ல தகவல் சொல்லிட்டு சோறு தண்ணி இல்லாம 40 மணி நேரத்துக்கு மேல அங்கயே தாக்குப்பிடிச்சான், ராணுவம் வந்து தூக்கிச்சு.

ஓடையைப் பிடிச்சு நடந்தா ஊர் வந்துரும்னு ஒரு பேச்சு இருக்கு. 1971ல பெருவுல விமானம் சிதறி அமேசான் காட்டுல விழுந்த 17 வயசு ஜூலியானே கோப்கே அப்படித்தான் 11 நாள் கழிச்சு ஆளுங்க கண்ணுல பட்டாங்க, உண்மைதான். ஆனா அந்தப் பொண்ணு அப்பா அம்மாவோட ஆராய்ச்சி நிலையத்துல காட்டுக்குள்ளயே இருந்து பழகினது. நம்ம பக்கத்து மலை ஓடை திடீர்னு பாறை விளிம்புல கீழ குதிக்கும், பாசி வேற.

ராத்திரிதான் கொடுமை. சருகு சத்தம் கேட்டாலே யானைன்னு தோணும், யாரோ கூப்பிடுற மாதிரி இருக்கும். அண்டார்டிகா பயணம் போன ஷாக்கிள்டனே 1916ல தெற்கு ஜார்ஜியா தீவு மலையை மூணு பேரா கடந்தப்போ நாலாவதா ஒரு ஆள் கூட வர்ற மாதிரி இருந்துச்சுன்னு எழுதியிருக்கார். இது பைத்தியம் இல்ல, களைச்ச மூளை பண்ற வேலைன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா இருட்டுல எந்திரிச்சு ஓட மாட்டோம்ல.

2018ல ட்ரெக்கிங் போனவங்க மாட்டிக்கிட்டு செத்த குரங்கணி காட்டுத் தீக்கப்புறமும் பர்மிஷன் இல்லாம போறவங்க போயிட்டேதான் இருக்காங்க. 2024ல தமிழ்நாடு வனத்துறை கைடோட 40 பாதை திறந்து விட்டுச்சு, அதுல போனா நிம்மதி. மத்தவங்களுக்காக, திரும்புற நேரத்தை வீட்ல சொல்லுங்க, ஃபோனை ஃப்ளைட் மோட்ல போட்டு சார்ஜை மிச்சம் பிடிங்க, உங்க சிம்முக்கு டவர் இல்லாட்டியும் வேற கம்பெனி டவர்ல அவசர உதவி நம்பர் 112 போக வாய்ப்பிருக்குன்னு போடுங்க. நாகலாபுரம், தடா ரெண்டும் ஆந்திரால இருக்கு, அந்த ஊர் வனத்துறை ஆபீஸ் நம்பரையும் விசாரிச்சு சேத்துப் போட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வில்லிவாக்கம், சென்னை.