கால்வாய்க் கரையிலிருந்து

கல்லிடைக்குறிச்சி,
மார்கழி மாதம்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. மருதமலை அடிவாரத்து மண்பாதையில் நீ ஓடிக்கொண்டிருந்தபோது ஆறடிப் பாம்பொன்று குறுக்கே போனதையும், அன்றிலிருந்து உன் ஓட்டம் மொட்டைமாடிக்கு இடம் மாறிவிட்டதையும் படித்துச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. யானை இறங்கும் பாதை என்று தெரிந்தும் அங்கே ஓடியவன், பாம்பைக் கண்டு நின்றுபோனாய். விடுதியில் மேலே பல்லி விழுந்ததற்காக இரவு முழுவதும் வராந்தாவில் படுத்திருந்தவன் அல்லவா நீ!

நீ எழுதியிருக்கும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது சாரையாகத்தான் இருக்க வேண்டும். பெரிய கண், உதட்டோரத்தில் மையால் கோடிழுத்ததுபோன்ற கறுப்பு வரிகள், பட்டப்பகலில் நீளமாக ஓடி மறைகிற வேகம் எல்லாம் சாரைக்கே உரியவை. அதற்கு விஷம் கிடையாது. எலியைத் தேடிப் போகிற பிராணி, உன்னைத் தேடி வரவில்லை.

நான் கன்னடியன் கால்வாய்க் கரையில் சைக்கிள் ஓட்டத் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெல்வயல். நெல் இருக்கும் இடத்தில் எலியும், எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கத்தான் செய்யும் என்பதால் மாதம் ஒன்றையாவது பார்த்துவிடுவேன். பெரும்பாலானவை நான் பார்ப்பதற்குள் போய்விடும். பாம்புக்கு வெளிச்செவி இல்லையென்றாலும் தரையின் அதிர்வை அது நன்றாக உணர்ந்துகொள்கிறது. ஓடுகிறவனின் குதிகால் தூரத்திலேயே சேதி சொல்லிவிடும், சைக்கிளின் ரப்பர் சக்கரம் அவ்வளவு சொல்வதில்லை என்பது என் அனுபவம். அந்த வகையில் நீ என்னைவிடப் பாக்கியசாலி.

ஆனால் எல்லாப் பாம்பும் விலகிப் போவதில்லை. போன தை மாதம் காலை ஏழு மணி இருக்கும். பனி விலகி வெயில் கரையில் விழத் தொடங்கிய நேரம். பானை வைக்கிற பழைய பிரிமணையை யாரோ பாதையில் எறிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று எண்ணி, ஒதுக்கி ஓட்டலாமென்று வேகத்தைக் குறைத்தபோது 'உஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம் கேட்டது. டயரில் காற்று இறங்குகிறதாக்கும் என்று நினைத்துக் காலை ஊன்றி முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தேன். டயர் கல்லாக இருந்தது. சத்தம் நிற்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால், நான்கடி தூரத்தில் அந்தப் பிரிமணைக்கு முக்கோணத் தலை முளைத்திருந்தது. முதுகில் சங்கிலி கோத்ததுபோல் மூன்று வரிசைப் பொட்டுகள். கண்ணாடி விரியன்.

தன் நிறம் தன்னை மறைத்துவிடும் என்ற நம்பிக்கையில் விரியன் இருந்த இடத்திலேயே கிடக்கும். அதனால்தான் நம் ஊர்க்காரர்கள் அதை மிதிக்கிறார்கள். நான் சைக்கிளை அப்படியே பின்னுக்கு உருட்டிக்கொண்டு பத்தடி போய், வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அது நகர்ந்து கோரைக்குள் போகக் கால் மணி நேரம் பிடித்தது. உட்கார்ந்திருந்ததற்குப் பொறுமை காரணமன்று. முழங்கால் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

ஒருவேளை கடித்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பிறகு யோசித்தேன். என் தாத்தா காலத்தில் கயிற்றால் இறுகக் கட்டுவார்கள், பிளேடால் கீறுவார்கள், இரண்டுமே கூடாது. கையில் மோதிரம் இருந்தால் கழற்றிவிட்டு, கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, நடக்காமல், ஒருவரை வண்டி கொண்டுவரச் சொல்லி அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்துதான். அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தை, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், பாம்பு பிடிப்பதில் கைதேர்ந்த இருளர் பழங்குடியினருக்காக 1978-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக்கொடுத்து வருகிறார்கள். அந்த இருளர் மக்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது, விரியன் முன்னால் கால் நடுங்கியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக ஒரு மதிப்பீடு உண்டு. அவர்களில் மிகப் பலர் கிராமத்து மக்கள்.

நீ நான்கரை மணிக்கே ஓடக் கிளம்புகிறவன் என்பதால் கட்டுவிரியனைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். அது இரவில் திரிவது; அதன் கடி பல நேரங்களில் வலிக்கவே வலிக்காது; கண் இமை தானாகச் சரியும்போதுதான் சிலருக்குச் சந்தேகமே வரும். ஆகவே இருட்டில் தலைவிளக்கு இல்லாமல் ஓடாதே.

இவ்வளவு பாம்புக்கதை சொல்லும் என்னைக் கடைசியில் கடித்தது எது தெரியுமா? நாய். ஆடி மாதத்தில், வீரவநல்லூருக்கு முன்னால் ஒரு செங்கல் சூளை ஓரம். தென்னோலைக் குவியலுக்கு அடியில் அது குட்டி போட்டிருந்தது எனக்குத் தெரியாது. குரைத்துக்கொண்டு வந்ததும், விரியனிடம் கற்றதையெல்லாம் மறந்துவிட்டு மூச்சைப் பிடித்து மிதித்தேன். ஓடுகிற எதையும் துரத்துவது நாயின் சுபாவம். சுற்றுகிற பெடலில் ஏறி இறங்கும் கெண்டைக்கால் அதற்கு எப்படித் தெரியும் என்று நீயே எண்ணிப்பார். இரண்டு பற்கள் ஆழமாக இறங்கின.

அருகிலிருந்த பம்புசெட்டுத் தொட்டியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினேன். சுண்ணாம்பு வைத்துக் கட்டச் சொன்னார் ஒரு பெரியவர். நான் முதலில் போன கிளினிக்கிலோ, "தெரிந்த நாய்தானே, பத்து நாள் பார்க்கலாம்" என்றார்கள். வெறிநாய்க்கடி நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்னும்போது எதைப் பார்ப்பது? எழுந்து அரசு மருத்துவமனைக்குப் போனேன். காயத்தைச் சுற்றி, உடனே பாதுகாப்புத் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டதுதான் உயிர் போகிற வலி. 0, 3, 7, 28 என்று நான்கு நாள்களில் தோலுக்குள் போட்ட தடுப்பூசி எறும்புக்கடிதான். கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசியும் இருக்கிறது. தினமும் ஓடுகிறவன் நீ, உன் டாக்டரிடம் கேட்டுப்பார்.

அதற்குப் பிறகு நாய் குரைத்தால் இறங்கிவிடுகிறேன். சைக்கிளை எனக்கும் அதற்கும் நடுவில் நிறுத்திக்கொண்டு, கண்ணைப் பார்க்காமல், "போ, போ" என்று தணிந்த குரலில் பேசிக்கொண்டே நடப்பேன். தெருநாய்களுக்குக் கல்லெடுப்பதுபோல் குனிந்தாலே போதும் என்பது நமக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஆனால் குட்டிபோட்ட நாயிடமும், ஆட்டுக்கிடை காக்கும் நாயிடமும் அந்த வித்தை பலிக்காது. அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டிருந்தால், ஆடு மேய்க்கும் கீதாரி இருக்கும் பக்கம் பார்த்து ஒரு குரல் கொடுத்துவிட்டு நிற்பதே நல்லது. அவர் ஓர் அதட்டுப் போட்டால் நாய் படுத்துவிடும்.

பிசான நெல் அறுவடை முடிந்ததும், மாசிக் கடைசியில் வந்து ஒரு வாரம் தங்கிவிட்டுப் போ. கணுக்கால் மூடும் ஷூ கொண்டுவா. சைக்கிள் இங்கே இருக்கிறது. சூளைக்கு ஐம்பது கஜம் முன்பே இறங்கி நடக்க வேண்டியிருக்கும். அந்தத் தாய்நாய் இப்போது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறது. வளர்ந்துவிட்ட குட்டிகளில் ஒன்று மட்டும் மதகு வரை என் கூடவே வந்து திரும்பிப் போகிறது.

உன் பழைய அறைத்தோழன்