நம் மிஷனெரி ஐக்கியத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், அங்கத்தின ஸ்தாபனங்களின் பிரதிநிதிகளுக்கும் நம் ஆண்டவரின் இனிய நாமத்தில் வாழ்த்துகள். கர்த்தருடைய பெரிதான கிருபையால் இன்னும் ஓர் ஆண்டு ஊழியத்தை நிறைவு செய்திருக்கிறோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதாந்தர ஜெபக்கூடுகை தடையின்றி நடந்தது. வெளிநாட்டு மிஷன் தலைவர்களோடு நமக்குள்ள கூட்டுறவை விரிவாக எழுதும்படி சென்ற பொதுக்குழு கேட்டுக்கொண்டதால், இந்த அறிக்கை பெரும்பாலும் அதைப் பற்றியே அமைகிறது.

இவ்வாண்டு உலக அளவில் நடந்த பெரிய கூடுகை, தென்கொரியாவின் இஞ்சியோனில் 2024 செப்டம்பர் 22 முதல் 28 வரை நடந்த, உலக சுவிசேஷப் பணிக்கான நான்காவது லொசான் மாநாடு. 1974 லொசான், 1989 மணிலா, 2010 கேப் டவுன் மாநாடுகளுக்குப் பின் வந்த இதில் 200க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 5,000க்கும் அதிகமானோர் கலந்துகொண்டார்கள். உலக ஊழியத்தில் விடுபட்டிருக்கும் 25 இடைவெளிகளைப் பட்டியலிட்டு, பங்கேற்பாளர்கள் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து அதற்கான குழுவில் உட்கார்ந்து பேசும்படி பிற்பகல்களை ஒதுக்கியிருந்தார்கள். சேர்ந்து உழைப்போம் என்ற உறுதிமொழியும் இறுதியில் முன்வைக்கப்பட்டது. செயற்குழு இதைப் பற்றி ஆலோசித்து ஒரு முடிவுக்கு வந்தது: மாநாட்டில் அறிமுகமானவரோடு ஒரு மாதத்துக்குள் முதல் வேலைக்கூட்டம் நடக்காவிட்டால் அந்தத் தொடர்பு பெரும்பாலும் முகவரி அட்டையோடு நின்றுவிடும். இனி வெளிநாட்டுக் கூடுகைக்குப் போகும் எந்தப் பிரதிநிதியும் அந்தக் கூட்டத்தின் தேதியைக் குறித்துக்கொண்டே ஊர் திரும்ப வேண்டும்.

நெல்லைச் சீமைக்கு இந்தக் கூட்டுறவு புதிதல்ல. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா முன்நின்று, 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. ஆளும் நம் ஆள், காணிக்கையும் நம் காணிக்கை, நிர்வாகமும் நம் கையில் என்ற தீர்மானத்தோடு தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பகுதிக்கு ஆள் அனுப்பினார்கள். அந்த அனுபவத்தோடுதான் அசரியா 1910 ஜூனில் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டுக்குப் போனார். 1,200க்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் ஆசியர்கள் 20 பேர்கூட இல்லை. தியாகமும் பொருளுதவியும் தந்துவிட்டீர்கள், இனி எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று அங்கே நின்று கேட்டார். 1938 டிசம்பரில் தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சர்வதேச மிஷனெரி ஆலோசனை மன்றம் கூடியபோது, வந்திருந்த 470க்கும் மேற்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கத் திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள். 28 ஆண்டுகளில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் மாறியிருந்தார்கள். முடிவெடுக்கும் இடத்தில் நம் ஆட்களும் இருந்தால்தான் அதைக் கூட்டுறவு என்று சொல்ல முடியும். இவ்வாண்டு வந்த ஒவ்வொரு விண்ணப்பத்தையும் செயற்குழு இதை வைத்தே எடைபோட்டது.

பண விஷயத்துக்கு வருகிறேன். அங்கத்தின ஸ்தாபனங்கள் அதிகம் கேட்ட கேள்விகள் இதில்தான். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020 செப்டம்பரில் வந்த திருத்தத்துக்குப் பின், பதிவு பெற்ற ஒரு ஸ்தாபனம் தனக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு ஸ்தாபனத்துக்குக் கொடுக்க முடியாது. அதற்கும் பதிவு இருந்தாலும் கொடுக்க முடியாது. பெரிய ஸ்தாபனம் வாங்கிச் சிறிய பணித்தளங்களுக்குப் பகிர்ந்து தரும் பழைய முறை அதோடு முடிந்தது. பணம் முதலில் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் விழ வேண்டும். அங்கிருந்து நம் ஊர் வங்கியின் பயன்பாட்டுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். நிர்வாகச் செலவுக்கு உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்துவிட்டது. எஃப்.சி.4 என்ற படிவத்தில் ஆண்டுக் கணக்கை நிதியாண்டு முடிந்த 9 மாதங்களுக்குள், அதாவது டிசம்பர் 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஆண்டில் ஒரு ரூபாய்கூட வராவிட்டாலும் தாக்கல் செய்தே ஆக வேண்டும். பணம் வரவில்லை என்பதால் விட்டுவிடுவது சிறிய ஸ்தாபனங்களில் அடிக்கடி நடக்கிறது. ஐந்தாண்டுப் பதிவைப் புதுப்பிக்கும்போது அது தடையாக எழுந்து நிற்கும்.

யார் கொடுத்தால் வெளிநாட்டுப் பணம் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் நம் சகோதரர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அவர் வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டால், இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டுப் பங்களிப்பே. அவரே ஊருக்கு வந்து ரூபாய் நோட்டாகக் காணிக்கைப் பையில் போட்டாலும் சட்டத்தின் கண்ணில் அதே நிலைதான். ஆகவே ரசீது எழுதும்போதே பாஸ்போர்ட் பிரதியை வாங்கிக் கோப்பில் வையுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், காரணம் சொன்னால் எல்லாரும் புரிந்துகொள்கிறார்கள். பங்காளர்கள் விட்டுச்செல்லும் மடிக்கணினி, ஒலிப்பதிவுக் கருவி போன்றவையும் பொருளாக வந்த பங்களிப்புதான். அவற்றுக்கும் கணக்குப் பதிவு வேண்டும்.

விசாவிலும் இதே கவனம் தேவை. சுற்றுலா விசாவில் வருபவர் ஆராதனையில் உட்காரலாம், பிரசங்க மேடையில் ஏறக் கூடாது. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் நம் சொந்தபந்தங்களும் மிஷனெரிப் பணி செய்ய வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் சிறப்பு அனுமதி பெற வேண்டும். “நம்ம ஊர்ப் பிள்ளைதானே” என்று கன்வென்ஷன் நோட்டீஸில் பெயர் போட்டுவிடுகிறார்கள். சிக்கல் வந்தால் அழைத்தவருக்கும் சேர்த்தே வரும்.

இத்தனை கட்டுப்பாட்டுக்குள்ளும் இவ்வாண்டு மிகுந்த பலன் தந்தது பணமே கைமாறாத ஒரு கூட்டுறவு: வேதாகம மொழிபெயர்ப்பில் வெளிநாட்டு ஆலோசகர்கள் தரும் சரிபார்ப்பு. வேலை இப்படி நடக்கிறது. தாய்மொழி பேசும் மொழிபெயர்ப்பாளர் முதல் வரைவு எழுதுகிறார், குழு அதைத் திருத்துகிறது, பிறகு அந்த வேலையில் சம்பந்தப்படாத கிராமத்தாருக்கு வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்கிறார்கள். அடுத்து, இப்படிச் சரிபார்த்த வசனத்தை அப்படியே இந்திக்கோ ஆங்கிலத்துக்கோ திருப்பி எழுதுகிறார்கள். மொழிபெயர்ப்பாளரின் தாய்மொழி தெரியாத ஆலோசகர் இந்தத் திருப்பி எழுதியதை வைத்துத்தான் வசனம் வசனமாக விசாரிக்கிறார். இங்கேதான் தவறு நுழைகிறது. வரைவு எழுதியவரே திருப்பி எழுதினால், தாளில் இருப்பதை எழுதாமல் தம் மனதில் இருந்ததை எழுதிவிடுகிறார். பிழை ஆலோசகர் கண்ணிலேயே படாது. இதற்கு வரைவைப் பார்த்திராத வேறொருவர் வேண்டும். பாதி வேலை இந்த ஒரு ஆளைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது.

ஓர் உதாரணம். மாற்கு 2:4ல் நான்கு பேர் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்குகிறார்கள். சரிவான ஓலைக்கூரை வீடுகளில் வாழ்பவர்களுக்கு, படுக்கையோடு ஒருவனைத் தூக்கிக்கொண்டு கூரைமேல் எப்படி ஏறினார்கள் என்பதே புரியாது. கதை அங்கேயே நின்றுவிடும். தட்டையான மேல்தளமும், அதில் ஏற வெளிப்புறப் படிகளும் அந்த நாட்டு வீடுகளில் இருந்தன என்பதை ஆலோசகர் விளக்கியதும், வசனத்தில் எதைச் சேர்ப்பது, எதை அடிக்குறிப்பில் வைப்பது என்று குழுவே முடிவு செய்கிறது. ஆலோசகர் கேள்வி கேட்கிறார், சொல்லைத் தேர்வது மண்ணின் மக்கள்.

வேதாகம மொழிபெயர்ப்புக்கான பாராடெக்ஸ்ட் மென்பொருளில் வேலை செய்யும் குழுக்களுக்கு ஒரு குறிப்பு. உட்காரும்போதும் எழும்போதும், குழுவினரின் திருத்தங்களை இணையம் வழியே ஒன்றுசேர்க்கும் அனுப்பு–பெறு வசதியை இயக்கிவிடுங்கள். இணையம் இல்லாத மலைக்கிராமத்தில் இரண்டு பேர் ஒரே வசனத்தைத் திருத்தினால் பிறகு இரண்டில் எது சரி என்று தேடிப் பிரிக்க வேண்டியிருக்கும். அதிகாரங்களை ஆளுக்கு ஆள் பிரித்துக்கொடுத்தால் இது வராது.

இணையவழிக் கூட்டங்களுக்கு மாலை 7.30 நமக்கு ஏற்ற நேரம். அப்போது நைரோபியில் மாலை 5, சாவோ பாவ்லோவில் காலை 11, சியோலில் இரவு 11. கொரியச் சகோதரர்களுக்கு அது சிரமம். எப்போதும் ஒரே தரப்பு தூக்கத்தை இழக்காதபடி நேரத்தை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். அழைப்பில் உலகப் பொது நேரத்தையும் குறிக்கவும். மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் பிரிட்டனில் கடிகாரம் மாறுவதால், லண்டன் நேரத்தை மட்டும் போட்டால் ஒரு மணி நேரம் தவறும். மொழிபெயர்ப்பவர்கள் இரண்டு பேராக இருந்து அரைமணிக்கு ஒருமுறை மாறிக்கொள்ளட்டும்.

பணித்தள ஊழியரின் பெயர், ஊர், முகம் மூன்றும் சேர்ந்து எந்த வெளிநாட்டு அறிக்கைக்கும் போகக் கூடாது. மதமாற்றத் தடைச் சட்டம் உள்ள மாநிலங்களில் ஒரு புகைப்படத்துக்காக ஊழியரும் விசுவாசிகளும் வழக்கில் சிக்க நேரிடும். ஞானஸ்நானப் படம் கேட்கும் பங்காளருக்கு அன்போடும் உறுதியோடும் மறுப்புச் சொல்லுங்கள். நல்ல பங்காளர் அதற்காகப் போய்விட மாட்டார்.

ஒரே கிராமச் சபை இரண்டு ஸ்தாபனங்களின் அறிக்கையில் இடம்பெறுவது பற்றியும் புகார் வந்தது. கூடுதல் சம்பளத்துக்காக ஊழியர் ஒரு ஸ்தாபனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, சபையும் அவரோடு எண்ணிக்கையில் மாறிவிடுகிறது. முந்தைய ஸ்தாபனத்தின் ஆட்சேபனையில்லாக் கடிதம் இல்லாமல் எவரையும் சேர்ப்பதில்லை என்று அங்கத்தினர் அனைவரும் ஒப்புக்கொண்டால் இது குறையும்.

வரும் ஆண்டுக்கு மூன்று தீர்மானங்களைச் செயற்குழு முன்வைக்கிறது. முதலாவது, ஆட்சேபனையில்லாக் கடிதத்தைக் கட்டாயமாக்குவது. இரண்டாவது, வெளிநாட்டுப் பங்காளரோடு மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் எழுத்து ஒப்பந்தம்: ஊழியரை நியமிப்பது யார், மொழிபெயர்ப்பின் பதிப்புரிமை யாருக்கு, பயணச்செலவு யாருடையது, கருத்து வேறுபாடு வந்தால் யாரிடம் போவது, விலகுவதற்கு எத்தனை மாத முன்னறிவிப்பு என்பவை அதில் இருக்க வேண்டும். மூன்றாவது, திருப்பி எழுதும் பணிக்கு இளைஞர்களைத் தயார்ப்படுத்தும் பயிற்சி. இந்த அறிக்கையையும் தீர்மானங்களையும் பொதுக்குழுவின் ஏற்புக்குச் சமர்ப்பிக்கிறேன்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
செயலாளர்